இறந்தவர்களுக்கு ஒரு நம்பகமான சர்வர்

அபூ நவ்வாஃப் கடைக்குள் வந்து சலாம் சொல்லாமல் நின்றபோதே ருதைனாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ராணுவத்தில் கர்னலாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஜெராக்ஸ் எடுக்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தானே முந்திக்கொண்டு சலாம் சொல்கிற மனிதர்.

"எங்க அப்பாவக் காணோம்" என்றார்.

"தெரியும், அபூ நவ்வாஃப். உக்காருங்க."

"உக்கார வரல. நவம்பர்ல செத்தாரு. கொட்டுற மழையில நின்னு பொதச்சோம். உங்க இணையதளத்துல போட்டோவோட இருந்தாரு. நேத்து என் தம்பி கனடாவுலேர்ந்து தேடியிருக்கான். இல்ல. ஆனா எங்க எதிர்வீட்டுக் கிழவன் இருக்கான். செப்டம்பர்ல செத்தவன் அவன். அவன் இருக்கான், எங்க அப்பா இல்ல. என்ன அர்த்தம் இதுக்கு?"

"சர்வர்ல டிஸ்க் போயிடுச்சு. பழைய பிரதிய எடுத்துத் திரும்ப ஏத்தியிருக்காங்க. அதுல செப்டம்பர் வரைக்கும்தான் இருந்துது. அதுக்கப்புறம் போனவங்க யாருமே இல்ல. உங்க அப்பா மட்டும் இல்ல."

அபூ நவ்வாஃப் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நகராட்சித் தேர்தல் வருது, உம் ராகான். எதிர்வீட்டுக்காரன் மருமகன் நிக்கிறான். எங்க ஆளும் நிக்கிறான். அவங்க பொணம் இருக்கு, எங்க பொணம் இல்லைன்னா ஊரு டிஸ்க்கப் பத்தியா பேசும்?"

அவர் சொன்னது சரிதான் என்று ருதைனாவுக்குத் தெரியும். கராக் ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை எந்த டிஸ்க்கும் சும்மா பழுதாவதில்லை. யாரோ ஒருவர் சொல்லித்தான் பழுதாகும்.

கோட்டைக்குப் போகிற சாலையில், நகைக்கடைக்கும் ரொட்டிக்கடைக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்னக் கடை அவளுடையது. அம்மானில் கணக்குப் படித்து, அங்கேயே ஒரு பத்திரிகையின் விளம்பரப் பிரிவில் சில காலம் வேலை பார்த்து, ஆயித்தைக் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பியவள். ஆயித்துக்கு, மலைக்குக் கீழே சாக்கடலோரம் உப்புத் தொழிற்சாலையில் வேலை. மகன் ராகான் பிறந்து, ஊர் வழக்கப்படி 'உம் ராகான்', அதாவது ராகானின் அம்மா, ஆனபிறகு வீட்டில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல் ஜெராக்ஸ் மிஷினும் ஒரு பிரிண்டரும் வாங்கிப்போட்டுக் கடை திறந்தாள். நோட்டுப் புத்தகம் விற்றதைவிடச் சாவு நோட்டீஸ் அடித்ததுதான் அதிகம். கறுப்புக் கரை போட்ட காகிதம், மேலே ஒரு வசனம், நடுவில் பெயர், கீழே எந்தப் பள்ளிவாசலில் எந்தத் தொழுகைக்குப் பிறகு அடக்கம், ஆண்களுக்குத் துக்கம் விசாரிக்கும் இடம் எது, பெண்களுக்கு எந்த வீடு. விடியற்காலையில் செத்தால் சாயங்காலத்துக்குள் மண்ணுக்குள் போய்விட வேண்டும். சுவரில் ஒட்டும் நோட்டீஸ் சுவரோரம் நடப்பவர்களுக்குத்தான். அம்மானிலும் அகபாவிலும் வளைகுடாவிலும் இருக்கிற கராக்காரர்கள் எந்தச் சுவரைப் பார்ப்பார்கள்?

அதனால்தான் இணையதளம் தொடங்கினாள். பன்னிரண்டு வருடமாகிறது. தானே எழுதி, தானே படம் ஏற்றி, தவறு இருந்தால் தானே திருத்திக்கொள்ளும்படியான ஆயத்த மென்பொருளில் ஓடும் தளம். குடும்பத்துக்குக் குடும்பம் போனில் குழு வைத்திருக்கிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் செத்தவனோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனையும், ஒரே லாரியில் போனவனையும், அவனிடம் ஒருகாலத்தில் சண்டை போட்டுப் பேச்சை நிறுத்தியவனையும் எந்தக் குழு கூப்பிடும்? அவர்களெல்லாம் காலையில் எழுந்து ரொட்டி கடிக்கிறபோதே ருதைனாவின் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சட்டை மாட்டினார்கள்.

அந்தத் தளம் குடியிருந்த சர்வர், ஆஸ்பத்திரி சாலையில் ஸுஹைபின் கம்ப்யூட்டர் கடையில், மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஸுஹைப் அவள் தங்கை இன்ஸாஃபின் கணவன். தளம் தொடங்கிய வருடம்தான் அவர்களுக்குக் கல்யாணம். வீட்டு மாப்பிள்ளை சர்வர் வைத்திருக்கும்போது வெளியாளிடம் போனால் நன்றாகவா இருக்கும் என்று ஆயித் கேட்டான். அவளும் சரி என்றுவிட்டாள். ஒரு பக்கம் ஆலிவ் எண்ணெய் டின்கள், மறுபக்கம் கேஸ் சிலிண்டர், நடுவில் கராக்கின் இறந்தவர்கள்.

அபூ நவ்வாஃப் வெளியே போனதும் அவள் ஸுஹைபைக் கூப்பிட்டாள்.

"ஸுஹைப், காப்புப் பிரதிய எங்க வெச்சிருந்த?"

"சர்வர்லதான் அக்கா."

"எந்த சர்வர்ல?"

"நம்ம சர்வர்லதான். வேற எது இருக்கு?"

"செத்துப்போன டிஸ்க்லயேவா?"

"அதுலயே இல்ல. பக்கத்துல."

"பக்கத்துலன்னா?"

"பக்கத்து ஃபோல்டர்ல."

ருதைனா போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டாள். "அப்ப செப்டம்பர் பிரதி எங்கேர்ந்து வந்துது?"

"அதுவா, அது அல்லாஹ்வோட கருணை. வேற எதையோ இறக்கறப்போ அதுவும் சேந்து என் லேப்டாப்புக்கு வந்திருக்கு. அதுவும் இல்லைன்னா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க."

தனக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறான் என்பது குரலிலேயே தெரிந்தது. அவன் கெட்டவனாக இருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போன வருடம் பனி கொட்டிய அன்று அவளுடைய பிரிண்டரைப் பழுது பார்க்க நடந்தே வந்தவன். கூலிகூடக் கேட்காதவன். கோபத்தை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை அவளுக்கு.

இதற்குமுன் நடந்ததையெல்லாம் அவள் விழுங்கிக்கொண்டுதான் இருந்தாள். ஒருமுறை பெரிய பள்ளிவாசல் இமாமின் சாவுச் செய்திக்குக் கீழே சூதாட்ட விளம்பரம் மின்னியது. எவனோ ஓட்டை வழியாகப் புகுந்திருந்தான். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தால்தானே ஓட்டை அடைபடும் என்று கேட்டதற்கு, "புதுப்பிச்சா டிசைன் ஒடஞ்சிடும் அக்கா, ஓடறத எதுக்குத் தொடணும்" என்றான். மின்சாரம் போனால் தளம் போகும். அவன் குடும்பத்தோடு அகபாவுக்குப் போனால் திரும்பி வரும்வரை யாரும் எழுப்பிவிட ஆள் கிடையாது.

ஆனால் வதாத் நர்ஸ் விஷயத்தை அவளால் விழுங்க முடியவில்லை. டிஸ்க் செத்து, தளம் முழுவதுமாகப் படுத்துக் கிடந்த அந்த நாட்களில்தான் வதாத் செத்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். அக்கா மகன் ஒருவனைத் தவிர யாருமில்லை. பிரசவ வார்டில் ஒரு காலம் முழுக்க நின்று பாதி ஊரை உலகத்துக்குள் இழுத்துப்போட்டவள். சர்ச்சில் பிரார்த்தனைக்கு முன்வரிசையே நிறையவில்லை. மறுநாளிலிருந்து பெண்கள் கடைக்கு வந்து நின்றார்கள். "என் நாலு பிள்ளையையும் அவதான் எடுத்தா, ஒரு வார்த்த சொல்லக் கூடாதா உம் ராகான்?" என்று ஒருத்தி அழுதாள். ருதைனாவை எடுத்ததும் வதாத்தான். அவளுக்கே அடக்கம் முடிந்து சாயங்காலம்தான் தெரிந்தது.

போதும் என்று அன்றைக்கே முடிவு செய்தாள். இறந்தவர்களை மாடிப்படிக்கு அடியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும். அடுத்த சாவுக்கு ஊர் வந்து சேர வேண்டும்.

நோன்பு மாதம் தொடங்கியிருந்தது. அவள் அம்மானில் ஹோஸ்டிங் கொடுக்கும் கம்பெனிகளைத் தேட ஆரம்பித்தாள். எல்லோருடைய பக்கமும் ஒரே மாதிரி இருந்தது. சிரிக்கும் ஒரு பெண், காதில் ஹெட்போன், அளவில்லாத இடம், அளவில்லாத வேகம். அளவில்லாதது என்றால் என்ன என்று முதல் கம்பெனியில் கேட்டாள். "அளவே இல்லைன்னு அர்த்தம் சகோதரி, நியாயமான உபயோகத்துக்கு உட்பட்டு" என்றான் அந்தப் பையன். நியாயத்தின் அளவு என்ன என்றதற்கு மேலதிகாரியைக் கேட்டுச் சொல்வதாகப் போனவன் திரும்பவில்லை.

இரண்டாவது ஆள் வருடத்தில் தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது சதவீதம் தளம் எழுந்து நிற்கும் என்று உத்தரவாதம் கொடுத்தான்.

"மிச்சப் புள்ளியில?"

"அது ஒண்ணுமே இல்ல மேடம். வருஷத்துக்குச் சில மணி நேரம்."

"அந்தச் சில மணி நேரத்துலதான் எங்க ஊர்க்காரங்க சாவாங்க" என்றாள் ருதைனா. அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

அதன்பிறகு அவள் பக்கங்களைப் படிப்பதை விட்டுவிட்டாள். விளம்பரத்தில் எல்லோரும் நல்லவர்கள்தான், கஷ்டத்தில் எவன் போன் எடுக்கிறான் என்று பார்ப்போம் என்று நினைத்தாள். ஒருநாள் மாலை, பாங்கு சொல்லும் நேரத்தில், சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றி வைத்துவிட்டு, நாடே பேரீச்சம்பழத்தை வாயில் போடும் அந்த நிமிடத்தில் வரிசையாகக் கூப்பிட ஆரம்பித்தாள். ஆயித் கரண்டியோடு உட்கார்ந்து அவளையே பார்த்தான்.

"மனுஷன் நோன்பு தொறக்கிற நேரத்துல யாருக்குடி போன்?"

"அதுக்குத்தான் இப்பப் பண்றேன். நோன்பு தொறக்கிற நேரம்னு சாவு நிக்குமா?"

ஒன்றில் பாட்டு ஓடியது. ஒன்றில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. இன்னொன்றில் இயந்திரம் ஒன்று அவளுடைய அழைப்பு தங்களுக்கு மிக முக்கியம் என்று சொல்லிவிட்டுத் துண்டித்தது. கடைசியாகக் கூப்பிட்ட இடத்தில் ஒரு பெண் எடுத்தாள்.

"ஒரு நிமிஷம், பழத்த முழுங்கிக்கிறேன். ம். சொல்லுங்க, நான் தமாரா."

ருதைனா சொன்னாள். டிஸ்க், ஃபோல்டர், சூதாட்டம், வதாத் எல்லாவற்றையும். சூப் ஆறியது.

"எங்ககிட்டயும் சில நேரம் சர்வர் விழும். விழாதுன்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க" என்றாள் தமாரா. "விழுந்தா நாங்களே கூப்பிட்டுச் சொல்லுவோம். பிரதிய தெனமும் எடுத்து வேற நாட்டுல இருக்கிற மிஷின்ல வெப்போம். ஆனா ஒண்ணு. மாசம் ஒரு தடவ அந்தப் பிரதிய நீங்களே எழுப்பிப் பாக்கணும். எழுப்பிப் பாக்காத பிரதி இருக்குங்கறதும் இல்லைங்கறதும் ஒண்ணுதான்."

இத்தனை நாள் கேட்டதில் முதல் உருப்படியான பேச்சு இதுதான் என்று ருதைனாவுக்குத் தோன்றியது. எப்போது மாற்றலாம் என்று கேட்டாள்.

"உங்க விஷயமெல்லாம் உங்க மென்பொருளுக்குள்ளேர்ந்தே இறக்கிடலாம். தளத்தோட பேரு யார் பேர்ல பதிஞ்சிருக்கு?"

ருதைனாவுக்குத் தெரியவில்லை. தமாரா தேடிப் பார்த்துவிட்டு, ஸுஹைபின் முழுப்பெயரைப் படித்தாள்.

"அப்ப வீடு நான் தரலாம், ஆனா விலாசம் அவர்கிட்ட இருக்கு. அந்தப் பேர அவர் விட்டுக் குடுக்கறதுக்கு ஒரு ரகசிய எண் வரும். அத அவர் எடுத்துக் குடுக்கணும். அஞ்சு நிமிஷ வேல."

அந்த ஐந்து நிமிடத்துக்காக மிச்சமிருந்த நோன்பு மாதம் முழுவதும் போயிற்று.

முதலில் கேட்டபோது ஸுஹைப், "உங்களுக்கில்லாததா அக்கா, நாளைக்கு" என்றான். பிறகு பாஸ்வேர்டைத் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னான். பிறகு, நோன்போடு திரையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, பெருநாள் கழியட்டும் என்றான். பெருநாள் கழிந்தது. இன்ஸாஃப் பேரீச்சம்பழம் அடைத்த மஅமூல் பலகாரம் ஒரு தட்டோடு வந்து அக்கா வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துகொண்டாள்.

"நீ போனா, அவரோட சர்வர்ல தளம் வெச்சிருக்கிற பல் டாக்டரும் போவாரு. கல்யாண மண்டபம் போகும். தேன்காரங்க போவாங்க. சொந்தப் பொண்டாட்டியோட அக்காவே நம்பல, நாம எதுக்கு நம்பணும்னு கேப்பாங்களா மாட்டாங்களா?"

"கேப்பாங்க. சரியாத்தான் கேப்பாங்க."

"உனக்கு மனசே இல்லையா அக்கா?"

"வதாத் நர்ஸ் உன்னயும்தான் எடுத்தா, இன்ஸாஃப். நீ போனியா அடக்கத்துக்கு?"

"எனக்குத் தெரியாதே."

"ஏன் தெரியல?"

இன்ஸாஃப் தட்டை இழுத்து மூடிவிட்டு எழுந்து போனாள். பலகாரத்தை விட்டுவிட்டுத்தான் போனாள். அதை யாரும் தின்னவில்லை.

ஆயித்தான் அந்த யோசனையைச் சொன்னான். "பேசாம ஒரு ஜாஹா அனுப்பிடலாம்."

பெரிய மனிதர்கள் கூட்டமாகக் கிளம்பிப் போய் ஒரு வீட்டில் ஒன்றைக் கேட்பதுதான் ஜாஹா. பெண் கேட்கப் போவார்கள், கொலைப்பகை தீர்க்கப் போவார்கள், மகனை வண்டியில் இடித்துக் கொன்றவனை மன்னிக்கச் சொல்லிப் போவார்கள். தலைவருக்கு முன்னால் கசப்புக் காப்பியை வைப்பார்கள். அவர் தொடமாட்டார். வந்த காரியத்தைச் சொல்வார். கேட்டது கிடைத்தது, குடியுங்கள் என்று வீட்டார் சொன்ன பிறகுதான் கோப்பையை எடுப்பார். எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அதற்குமேல் ஒரு வார்த்தை கூட்டிக் கேட்டால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம்.

"ஒரு ரகசிய எண்ணுக்கு ஜாஹாவா?" என்றாள் ருதைனா. "ஆள் செத்தா அனுப்பறத இதுக்கு அனுப்பறதா, ஒரு அளவு வேணாம்?"

"நீ இவ்வளவு நாள் கேட்டியே, கெடச்சுதா? ஜாஹா போனா அவனால இல்லைன்னு சொல்ல முடியாது. அவனுக்கும் மரியாத. கர்னலே வந்து கேட்டாருன்னு தலைய நிமித்திக் குடுத்துடுவான்."

அதில் நியாயம் இருந்தது. எரிச்சலான விஷயம் வேறு: ஜாஹாவில் பெண்கள் போவதில்லை. என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த ஒரே ஆள் வீட்டில் இருக்க வேண்டும். தெரியாத எல்லோரும் கோட் மாட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும்.

அபூ நவ்வாஃப் தலைமை ஏற்கச் சம்மதித்தார். அப்பா போட்டோவோடு திரும்பி வர வேண்டும் என்ற ஒரே நிபந்தனையில். ருதைனா அவரைக் கடையில் உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள்.

"மூணே மூணு விஷயம். பேர் என் பேருக்கு மாறணும். ரகசிய எண் கையில வரணும். அன்னிக்கே வரணும். வர்றதுக்கு முன்னாடி காப்பியத் தொடக் கூடாது."

"பேர், எண், அன்னிக்கே. நான் பட்டாளத்தையே நடத்தினவன், உம் ராகான்."

"பட்டாளத்துல தப்புன்னா திரும்பிப் போகலாம். இங்க காப்பி குடிச்சா திரும்ப முடியாது."

"இதயெல்லாம் எனக்குச் சொல்லித் தர்றியா நீ" என்றார் அவர். ஆனாலும் கடை வாசலைத் தாண்டும்போது உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே போனார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல், அஸர் தொழுகைக்குப் பிறகு ஆறேழு கார்கள் ஸுஹைபின் வீட்டுக்குப் போயின. ருதைனா சமையலறையில் நின்று கத்தரிக்காய் பொரித்தாள். பாதி கருகியது. ஆயித் திரும்பி வந்தபோது முகம் மலர்ந்திருந்தது. கையில் கினாஃபா இனிப்புப் பெட்டி ஒன்று.

"முடிஞ்சுது. அப்படி ஒரு பேச்சு பேசினாரு கர்னல். ரெண்டு பேரு கண்ணத் தொடச்சுக்கிட்டாங்க."

"எண் எங்க?"

"உக்காரு, சொல்றேன். பன்னெண்டு வருஷமா உங்க வீட்டுல வளந்த ஒரு பொண்ணு மாதிரின்னு தொடங்கினாரு தளத்த. எங்க அப்பன் பாட்டன் பேரெல்லாம் அதுல இருக்குன்னாரு. அதுக்கு ஒரு நல்ல வழி கேட்டு வந்திருக்கோம், உங்க வாசல்லேர்ந்து வெறுங்கையோட போனவன் கெடையாதுன்னாரு."

"மூணு விஷயத்தச் சொன்னாரா?"

"அந்த எடத்துல எண்ணு கிண்ணுன்னெல்லாம் பேசினா நல்லாவா இருக்கும்? ஸுஹைபோட பெரியப்பா ஹாஜி முத்லக்தான் அவங்க பக்கம் பதில் சொன்னாரு. நீங்க கேட்டது கெடச்சுது, கேட்டதுக்கு மேலயும் கெடச்சுதுன்னாரு. என் தம்பி மகன் உசுரோட இருக்கிற வரைக்கும் அந்தத் தளத்த ஒரு காசு வாங்காம தன் சர்வர்லயே வெச்சுக் காப்பாத்துவான், புது டிஸ்க் வாங்கிப் போடுவான், இது என் வாக்குன்னாரு. காப்பியக் குடிங்கன்னாரு."

ருதைனா அடுப்பை அணைத்தாள். "குடிச்சீங்களா?"

"குடிக்காம? கெடச்சுதுன்னு சொல்லிட்டாரே."

"எது கெடச்சுது, ஆயித்?"

ஆயித் கொஞ்சம் யோசித்தான். "கேட்டது."

"நான் அவன்கிட்டேர்ந்து வெளிய வரணும்னு ஆள் அனுப்பினேன். நீங்க பதினஞ்சு பேரு கோட் போட்டுக்கிட்டுப் போய், அவன் சாகற வரைக்கும் நான் அங்கயே இருக்கறதுக்கு வாக்கு வாங்கிட்டு வந்திருக்கீங்க."

ஆயித்தின் முகத்தில் மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கினாஃபா பெட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான். "இலவசமா வேற" என்றான் மெதுவாக.

மறுநாள் அபூ நவ்வாஃப் கடைக்கு வந்தார். "வார்த்த வாய்வரைக்கும் வந்துது, உம் ராகான். அத்தன பேரு முன்னால அந்த எண்ணுங்கிற பேச்சு வாய்க்குள்ளயே நின்னுடுச்சு. ஆனா மரியாதையா முடிஞ்சுது, அத ஒத்துக்கணும்."

"ரொம்ப மரியாதையா முடிஞ்சுது" என்றாள் ருதைனா. இனி அவள் வாயைத் திறக்க முடியாது. மறுத்தால் ஹாஜி முத்லக்கின் வாக்கைக் காலால் தள்ளியதாகும். கர்னலின் மீசையில் துப்பியதாகும். தங்கை இருக்கும் வீட்டோடு உறவு அறும்.

இரண்டு நாள் கடையைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் தமாராவைக் கூப்பிட்டு, புதுப் பெயர் ஒன்றைப் பதியச் சொன்னாள். தன் பெயரில். ஊருக்கே மனப்பாடமாக இருந்த பழைய பெயர் போகட்டும் என்று விட்டுவிட்டாள். தமாரா போனில் இருந்தபடியே வழி சொல்லச் சொல்ல, மென்பொருளுக்குள்ளிருந்து எல்லாவற்றையும் இறக்கிப் புது இடத்தில் ஏற்றினாள். படங்கள் பாதி வரவில்லை. வந்ததில் சில ஆள் மாறியிருந்தன. ஒரு கிழவியின் பெயருக்கு மேலே மீசைக்காரர் ஒருவர் இருந்தார். ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்தினாள். குளிர்காலத்தில் செத்தவர்களை வீடுவீடாகப் போன் செய்து சேர்த்தாள். சுவர் நோட்டீஸைப் படமெடுத்து வைத்திருந்தவர்கள் அனுப்பினார்கள். வைத்திருக்காதவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டாள். அபூ நவ்வாஃபின் அப்பா போட்டோவோடு திரும்பினார். வதாத் நர்ஸுக்கு அறிவிப்பே போட்டதில்லை. அடக்கம் முடிந்து அத்தனை நாளான பிறகு எந்த நேரம், எந்தச் சர்ச் என்று போடுவதில் அர்த்தமில்லை. இருந்தும் போட்டாள்.

பழைய தளத்தையும் விட முடியவில்லை. இலவசமாகக் கிடைத்ததை உபயோகிக்கிறாளா என்று ஹாஜி முத்லக்கே தினம் திறந்து பார்ப்பதாக இன்ஸாஃப் சொல்லியனுப்பினாள். எனவே ஒரு சாவை இரண்டு முறை எழுத வேண்டியதாயிற்று. சுவர் நோட்டீஸின் அடியில் புது முகவரியைச் சின்ன எழுத்தில் போட்டாள். யாரும் படிக்கவில்லை. பழக்கம் பழைய வாசலுக்கே போனது. புதுப் பக்கத்தைத் தினமும் பார்த்தது அபூ நவ்வாஃப், கனடாத் தம்பி, தமாரா, அவ்வளவுதான் என்று அவளுக்குச் சந்தேகம். மாதம் ஒருமுறை பிரதியை எழுப்பிப் பார்த்தாள். ஒழுங்காக எழுந்தது. பார்க்கத்தான் ஆளில்லை. கடன் தீர்க்கிறவள்போலத் தினமும் இரண்டு இடத்திலும் எழுதிவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு கடையை மூடினாள்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெராக்ஸ் மிஷினுக்கு மை போட்டுக்கொண்டிருந்தபோது ஸுஹைப் கூப்பிட்டான். ஜாஹாவுக்குப் பிறகு அவன் நேரடியாகக் கூப்பிடுவது அதுதான் முதல்முறை.

"அக்கா, பெரியப்பா போயிட்டாரு."

"ஹாஜி முத்லக்கா?"

"விடியக்காலைல. தொழுதுட்டு உக்காந்தாரு, அப்படியே. அஸருக்கப்புறம் எடுக்கறோம். போட்டுடுங்க."

நாம் இறைவனுக்கே உரியவர்கள் என்ற வார்த்தையைச் சொன்னாள். பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிள்ளைகள் பெயர் வரிசை, மருமகன்கள் வரிசை, இறந்துபோன மூத்த மகன் பெயரைச் சேர்ப்பதா வேண்டாமா, எல்லாம். பின்னால் பெண்கள் அழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆண்களுக்குக் குடும்ப மண்டபம், பெண்களுக்கு இன்ஸாஃபின் வீடு.

பழைய தளத்தைத் திறந்தாள். திறக்கவில்லை. இன்னொரு முறை. வெள்ளைத் திரை.

"ஸுஹைப், ஒன்னோடது திறக்கல."

"தெரியும்" என்றான். "நேத்து ராத்திரிலேர்ந்து. புது டிஸ்க்குதான். இப்ப அதப் போய்ப் பாக்கவா, பெரியப்பாவக் குளிப்பாட்டவா?"

"நீ வீட்டுல இரு."

அவள் புதுத் தளத்தில் எழுதினாள். படம் ஏற்றினாள். வெள்ளைத் தலைத்துணியோடு ஹாஜி முத்லக், யாருக்கோ ஏதோ வாக்குக் கொடுத்துவிட்ட திருப்தியோடு பார்த்தார். வெளியிடும் பொத்தானை அழுத்திவிட்டு, வந்துவிட்டது என்றாள்.

"எனக்கு வரல."

"பழசத் தொறக்கிற. புதுசுல பாரு."

அழுகைச் சத்தத்துக்கு நடுவே யாரோ ஒருவர் "போட்டாச்சா, போட்டாச்சா" என்று கேட்பது கேட்டது.

"அக்கா" என்றான் ஸுஹைப். "புதுசோட முகவரி எனக்குத் தெரியாது."

சொல்லக் காத்திருந்த வார்த்தைகள் அவளிடம் நிறைய இருந்தன. நோன்பு மாதத்திலிருந்து சேர்த்து வைத்தவை. கடைக்குப் பின்னால் ஆளில்லாத நேரங்களில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தவை. முகவரியை மட்டும் எழுத்து எழுத்தாகச் சொன்னாள். அவன் ஒவ்வொரு எழுத்தையும் திருப்பிச் சொன்னான். பிறகு போனை வாயிலிருந்து தள்ளிவைத்துக்கொண்டு, வீட்டிலிருக்கும் ஆண்களுக்கு உரக்கச் சொன்னான். யாரோ தப்பாக எழுதிவிட்டு மறுபடி கேட்டார்கள். அவன் மறுபடி சொன்னான்.

"வந்துடுச்சு" என்றான். "நல்லாருக்காரு போட்டோல."

"எல்லாருக்கும் அனுப்பு. அம்மானுக்கு இப்பவே அனுப்பினாத்தான் அஸருக்கு வந்து சேருவாங்க."

"அனுப்பறேன்."

மத்தியானத்துக்குள் அந்தப் பக்கத்தைத் திறந்தவர்களின் எண்ணிக்கை அவள் இதுவரை அங்கே பார்த்திராததாக இருந்தது. அஸர் நேரத்தில் கடையை அடைத்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு நடந்தாள். ஆஸ்பத்திரி சாலையில் கார்கள் மேட்டு வளைவுவரை நின்றன. அம்மானிலிருந்து வந்தவை, அகபாவிலிருந்து வந்தவை. தெற்கே மஆனிலிருந்துகூட ஒரு வண்டி. வாசலில் இன்ஸாஃப் நின்றிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பெண்கள் நடுவே உட்கார்ந்திருந்தபோது ருதைனாவின் மனசுக்குள் ஒரே ஒரு விஷயம்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழைய பெயர் இன்னும் ஸுஹைபிடம்தான் இருக்கிறது. ரகசிய எண் இன்னும் வரவில்லை. வாக்குக் கொடுத்தவர் மண்ணுக்குள் போய்விட்டார். இனி அந்த வாக்கை விடுவிக்க யாரால் முடியும் என்று கேட்டால் இந்த ஊரில் நூறு பேர் நூறு விதமாகச் சொல்வார்கள். மூன்று நாள் துக்கம் முடியட்டும். நாலாம் நாள் காலையில், ஜாஹாவும் வேண்டாம், கர்னலும் வேண்டாம், தானே நடந்து போய் மாடிப்படிக்கு அடியில் நின்று அந்த எண்ணைக் கேட்பது என்று முடிவு செய்துகொண்டு, பக்கத்திலிருந்த பெண் நகர்ந்து கொடுத்த இடத்தில் கால் நீட்டி உட்கார்ந்தாள்.